சுண்ணாம்பு வெந்த வாய்

கல்முனைப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் சாக்கு தைப்பது என் தொழில். ஆலை ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கதைப்பதுகூடக் காதில் விழாது. இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள் இருந்ததால் எனக்குக் கதைக்கிற பழக்கம் குறைவு. வெட்கமும் கூட. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டாலே காது சூடாகும். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி.

கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை எழுதச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பல்டாக்டர். அவரை மரியாதையாகச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். "நீங்க வாயால செல்ல மாட்டீங்க காக்கா. கையாலயாவது எழுதுங்க. நம்மட ஆக்கள் வாசிக்கட்டும்" என்றார். எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன், செல்லுறது என்றால் சொல்லுறது. என் எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். நடந்ததில் செய்த பிழைகள் என்னுடையவை. அவற்றை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் மனைவி ரஹீமா தந்த இஞ்சித் தேத்தண்ணியில் இஞ்சி இல்லை.

"இஞ்சி போடல்லையா?" என்று கேட்டேன்.

"உங்கட கண்ணுக்கு முன்னாலதானே தட்டிப் போட்டேன்" என்றாள்.

ஆலைக்குப் போய் வெற்றிலை போட்டேன். அதிலும் காரமில்லை, மணமில்லை. சுண்ணாம்பு காணாது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவினேன். மத்தியானம் இன்னும் கூட. பின்னேரம் ரஹீமா மீன் பொரித்தாள். அடுப்படிக்குள் போய் நின்று பார்த்தேன். கண் எரிந்தது. மணம் வரவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. வானொலியில் ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொன்னார்கள்.

யாருக்கும் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நாலு நாளில் சரியாகும் என்று மனதுக்குச் சொன்னேன். சொன்னால் ஆலையை மூடுவார்கள், இவனால்தான் என்று ஊர் கதைக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போது எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அந்த நாட்களில் இந்த நோயில் ஒருவர் இறந்தால் மையித்தை மண்ணில் அடக்க அரசாங்கம் விடவில்லை. எரித்தார்கள். குளிப்பாட்டல் இல்லை, கபன் துணி இல்லை. எங்கள் ஊர்களில் காய்ச்சலை மறைத்தவர்கள் நான் மட்டுமல்ல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். எனக்கு மூத்தவள், என் ராத்தா, அங்கே இருக்கிறாள். உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கணவர் இல்லை, மகளோடு இருக்கிறாள். பல வருடமாகச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. மாதத்தில் ஒரு வெள்ளி நான் போகாவிட்டால் போன் எடுத்து ஏசுவாள். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் அன்றும் போனேன். குளத்து மீன் ஆக்கி வைத்திருந்தாள்.

"உப்புக் காணுமாடா?"

"காணும் ராத்தா. நல்லா இரிக்கி."

எனக்கு உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. சாப்பிட்ட பிறகு ஒரே வெற்றிலை வட்டாவில் இருவரும் கை போட்டு, பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைத்தோம். கதைத்தவள் ராத்தா. நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். ஆள் கணக்குப் பார்த்து அனுமதித்திருந்ததால் சின்னக் கூட்டம்தான். எங்கள் பக்கம் விருந்து என்றால் சகன். பெரிய தட்டு ஒன்றில் சோறும் இறைச்சியும் வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஐந்து பேரோடு சகனைத் தொடங்க மாட்டார்கள். ஆறாவது ஆளைத் தேடிப் பிடிப்பார்கள்.

பொண்ணுக்குப் பெரியப்பா முறையான ஆதம்பாவா மாமா ஒரு சகனில் மூன்று பேரோடு இருந்தார். பல்டாக்டர் சேர் வேலியோரம் தனிக் கதிரையில், முகக்கவசத்தோடு இருந்தார். அவர் கண்டிப் பக்கம் பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். பொண்ணுக்கு மச்சான் முறை.

"டாக்குத்தர் தம்பி, இஞ்ச வாங்க."

"இல்ல மாமா, நான் வேற பீங்கான்ல சாப்பிடுறேன். இந்தக் காலத்துல..."

"ஏன், படிச்சதால நம்மட கை ஊத்தையாப் போச்சா? சின்னதுல என்ட மடியில இருந்து திண்ட புள்ளதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து இருந்தார். அவரோடு ஐந்து பேர். ஆறு பேராக இன்னும் ஓர் ஆள் வேண்டும். மாமா தலையைத் திருப்பிப் பார்த்தார். நான்தான் நின்றேன்.

"இந்தா, கதைக்காத மனுசன். வா, இரி."

எனக்கு நோய் என்பது எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். அத்தனை பேர் பார்க்க என்னால் பதில் சொல்ல முடியாது. இருந்துவிட்டேன். நெய்ச்சோறு எனக்கு வைக்கோல் மாதிரி இருந்தது. தட்டின் மறுபக்கத்தில் சேரின் கை.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. புதன்கிழமை காலையில் படியேறினால் மூச்சு வாங்கியது. ரஹீமா என்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டாள். மூக்குக்குள் நீளமான குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார்கள். அதுதான் பிசிஆர். கண்ணில் தண்ணீர் வரும், நோவு கொஞ்சம்தான். அதில் நோய் என்று வந்தது. பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போனில் விசாரித்தார்.

"எப்ப இருந்து வருத்தம்?"

"செவ்வாய்க்கிழமை."

"வாசம், ருசி?"

"அதுவும் செவ்வாய்தான்."

"ஞாயிற்றுக்கிழமையில இருந்து எங்கெங்க போனீங்க, ஆரோட சாப்பிட்டீங்க?"

கல்யாண வீட்டைச் சொன்னேன். ஆலையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ராத்தாவின் பெயரைச் சொன்னால் அவளைக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்த இடத்தில் ஏதும் நடந்தால் அவளுக்கு மண் கிடைக்காது. சொல்லாமல் விட்டு அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றே அன்று நினைத்தேன்.

கடற்கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றை இந்த நோய்க்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அம்புலன்ஸ் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் சத்தம் போடாமல் வந்தது. ஆனாலும் எல்லா ஜன்னலிலும் ஆள் நின்றது. ரஹீமா வாசலில் நின்று, "சாரனும் துவாயும் பையில இரிக்கி. பல்துலக்கி பக்கத்துப் பைக்குள்ள" என்றாள். அழவில்லை. நான் போன பிறகு அழுததாக மகள் சொன்னாள். எங்கள் வீட்டுக் கதவில் தாள் ஒட்டி, பிள்ளைகளையும் அவளையும் வெளியே போகாமல் அடைத்தார்கள். ஊர் கதைக்கும் என்றுதானே பயந்தேன்? ஊர் அரிசியும் மீனும் வேலியில் கட்டித் தொங்கவிட்டது. ஒரு நாள் யாரோ வட்டிலப்பம்கூட வைத்திருந்தார்களாம்.

ஆஸ்பத்திரி வாட்டில் முதல் மூன்று நாள் கஷ்டம். விரலில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டுவார்கள். இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் ஓடுகிறது என்று அது காட்டும். நல்ல மனிதனுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை தொண்ணூற்றொன்று. மூக்கில் குழாய் வைத்தார்கள். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். முகமெல்லாம் மூடிய தாதி ஒருத்தி, "குப்புறப் படுங்க. முதுகுப் பக்க நுரையீரல் விரியும்" என்று சொல்லித் தலையணையை நெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. சத்தம் மட்டும் இன்றும் தெரியும். குப்புறப் படுத்துக்கொண்டு ஓதத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதினேன். மௌத்துக்குப் பயமில்லை, நெருப்புக்குத்தான் பயம் என்று அல்லாஹ்விடம் சொன்னேன்.

சனிக்கிழமை எனக்குத் தொண்ணூற்று நாலு ஆனது. அன்றே வாட்டுக் கதவு திறந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ஆதம்பாவா மாமா. பின்னால் பல்டாக்டர் சேர், கையில் ஒரு சின்னப் பையோடு. எனக்கு முகத்தைப் போர்வைக்குள் மறைக்கவேண்டும் போல் இருந்தது.

மாமா என்னைக் கண்டதும், "இந்தா கிடக்கான் நம்மட சகன் கூட்டாளி!" என்றார். "மத்த மூணு பேருக்கும் ஒண்டுமில்லையாம். நம்மள மட்டும் பொறுக்கி எடுத்திரிக்கி."

மாமா வந்த பிறகு வாட்டு கல்யாண வீடு போல் ஆகிவிட்டது. இருமலுக்கு நடுவிலும் கதைப்பார். டாக்டர் மூடிய உடுப்போடு வந்தால், "சந்திரனுக்குப் போற ஆள் வாறார்" என்பார். சேரைப் படுக்க விடமாட்டார்.

"தம்பி, நீங்க இந்த நோயைப் படிச்ச ஆளா?"

"நான் பல்லுப் படிப்பிக்கிற ஆள் மாமா. ஆனா இந்த நோய் வந்த உடனே பல்லுப் படிப்பிக்கிற எங்களையெல்லாம் கம்பியூட்டருக்கு முன்னால இருத்தி வகுப்பு எடுத்தாங்க. எப்படிப் பரவும், எத்தின நாள்ல காட்டும், என்ன உடுப்புப் போடணும் எண்டு. மறுகா கேள்வித்தாளும் தந்தாங்க."

"எத்தின சரி?"

"எல்லாம் சரி."

"எல்லாம் சரியான ஆள் ஏன் இஞ்ச கிடக்கிறீங்க?"

சேர் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சொன்னார்: "மாமா கூப்பிட்டா சகன்ல இரிப்பீங்களா எண்டு அதுல கேக்கல்ல."

மாமா பொய்ப்பல்லைக் கழற்றித் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவருக்கும் அது உள்ளே குத்தியிருக்கும்.

திங்கட்கிழமை எங்கள் மூவருக்கும் கொஞ்சம் நல்லது. எனக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். மத்தியானச் சோற்றில் நான் ஒரு பக்கமாக மெல்லுவதை மாமா கண்டுவிட்டார்.

"டாக்குத்தர் தம்பி, இவனுக்கு வாய் நோகுது போல. சும்மாதானே இரிக்கிறீங்க, பாருங்க."

சேர் எழும்பிய வேகத்தை நான் மறக்கமாட்டேன். அவர்களுடைய படிப்பு இடத்தில் மாதக்கணக்காக நோயாளியின் வாயைப் பார்க்க விடவில்லையாம். பல்லைத் துளைக்கும் கருவி தண்ணீர் அடித்துக்கொண்டு சுற்றும். அந்தத் தண்ணீரும் எச்சிலும் புகை மாதிரி எழும்பிக் காற்றில் நிற்கும். அதை மூச்சில் இழுத்தால் நோய். அதனால் பல் வேலை ஆபத்தான வேலையாகிவிட்டது. படிக்கிற பிள்ளைகளுக்குப் படத்தில் பல்லைக் காட்டித்தான் படிப்பித்தாராம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் நோய் இரிக்கி. இனி ஆருக்கு ஆர் பயம்? வாயைத் திறங்க காக்கா" என்றார்.

தாதியிடம் கையுறையும் நாக்கை அழுத்துகிற மரத்துண்டும் கேட்டு வாங்கினார். போன் வெளிச்சத்தை மாமா பிடித்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. வாயை மூடிக்கொண்டு வாழ்ந்த மனிதன், ஒரு வாட்டுக்கே வாயைக் காட்டிக்கொண்டு கிடந்தேன்.

சேர் நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா வெந்திரிக்கி. சுண்ணாம்பு. எவ்வளவு போட்டீங்க?"

"கொஞ்சம் கூடிட்டு."

"இது ஒரு நாள் வெந்ததில்ல. வெந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வெந்திரிக்கி. ஒரு அஞ்சாறு நாள் வேலை." மரத்துண்டை வெளியே எடுத்தார். "நீங்க புதன்கிழமை இஞ்ச வந்தீங்க. இஞ்ச வெத்திலை இல்ல. செவ்வாய்க்கிழமைதான் ருசி போச்சு எண்டு உங்கட கட்டில் அட்டையில எழுதியிரிக்கி. அப்ப அதுக்கு முன்ன ஏன் இவ்வளவு சுண்ணாம்பு?"

நான் வாயை மூடினேன். சேர் என் முகத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு பெரிய சத்தமாக, "பல்லுக்கு ஒண்டுமில்ல, உப்புத் தண்ணியில கொப்பளிங்க போதும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கையுறையைக் கழற்றும்போது மட்டும் என் காதருகே குனிந்து, "நான் உங்களைக் குற்றம் புடிக்க வரல்ல காக்கா. தெரிஞ்சு கொண்டு சகன்ல இருந்தவன் நான். வகுப்பெடுக்கிற ஆள். என்னைவிடக் கூடுதலாப் பிழை செய்த ஆள் அந்தத் தட்டுல இல்ல" என்றார்.

தெரிந்துகொண்டே இருந்தவன் நானும்தான் என்று நினைத்தபடி உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தேன்.

பின்னேரம் ரஹீமா போன் எடுத்தாள். பிள்ளைகளுக்கு இரண்டாவது முறையும் நோய் இல்லை என்று வந்ததாம். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்குமுன் அவள் கதையோடு கதையாகச் சொன்னாள்: "ராத்தாவும் எடுத்தா. நாலு நாளா உடம்பு அலுப்பாம், சாப்பாடு புடிக்கல்லையாம். வேற ஒண்டுமில்லையாம். மூச்சு முட்டு ஒண்டும் இல்லையாம். உங்களுக்குச் செல்ல வேணாம் எண்டா."

போன் கையிலேயே இருந்தது. அப்படியே எழும்பி சேரின் கட்டிலுக்குப் போனேன். என் ஆயுசில் நானாக ஒருவரிடம் போய்க் கதையைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். ராத்தாவின் சீனியைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்; இருக்கட்டும் என்று அவர் கேட்கவே சொன்னேன்.

சேர் மருந்து உறை ஒன்றின் பின்பக்கம் ஒரு கோடு கிழித்தார். வியாழன் என்று ஒரு புள்ளி வைத்தார்.

"நோய் காட்டுற நாளுக்கு ரெண்டு நாள் முன்னமே அது மத்த ஆளுக்குப் போகும். பி.எச்.ஐ. அதைத்தான் எண்ணுவார். செவ்வாய் எண்டா ஞாயிறுல இருந்து எண்ணுவார். வியாழன் எண்டா அதுக்கு முந்தின செவ்வாய்க்குப் போயிரும். உங்கட ராத்தா நடுவுக்குள்ள நிக்கிறா."

"அவக்கு மூச்சு முட்டு இல்லையாம் சேர்."

"அதுதான் பயம். இந்த நோயில சில ஆக்களுக்கு ஒட்சிசன் குறையும், மூச்சு முட்டுத் தெரியாது. நல்லாத்தான் இரிக்கிறன் எண்டு கதைச்சிக்கிட்டே இரிப்பாங்க. சீனி உள்ள ஆக்கள் கூடக் கவனம். விரல்ல மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

என் பயத்தைச் சொன்னேன். கொண்டுவந்து ஏதும் நடந்தால் எரித்துவிடுவார்களே என்றேன். சேர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் பயம் எனக்கும் இரிக்கி" என்றார் மெதுவாக. "என்ட உம்மாவுக்கும் வயசு. அதுக்கு என்னட்டப் பதில் இல்ல, நான் படிச்சதிலயும் இல்ல. ஆனா ஊட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சா மௌத்து வராம இரிக்குமா காக்கா? இஞ்ச கொண்டுவந்தா, வராம விடுறதுக்கு ஒரு குழாயாவது இரிக்கி."

மாமா கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினார். "போனை இஞ்ச தா. நம்பரை நான் அழுத்துறன். கதைக்கிறது நீ."

பி.எச்.ஐ. ஏசினார். ஏசட்டும். ஐந்து நிமிடம் ஏசிவிட்டு ராத்தாவின் விலாசம் கேட்டார். ஆலையையும் பழைய தேதியில் இருந்து திரும்ப விசாரிக்கவேண்டும் என்றார். அங்கே இரண்டு பேருக்கு நோய் இருந்தது பிறகு தெரிந்தது. இருவரும் சுகமானார்கள். அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ராத்தாவின் வீட்டுக்கு ஆள் போனபோது அவள் அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாளாம். "எனக்கு என்ன? நான் நல்லாத்தானே நிக்கிறன்" என்று விரலைக் காட்ட மறுத்தாளாம். மகள் பலவந்தமாகப் பிடித்து மாட்டிப் பார்த்தால் எண்பத்து நாலு. அன்று இரவே கொண்டுவந்துவிட்டார்கள்.

பெண்கள் வாட்டு எங்களுக்கு அடுத்த கட்டிடம். போக விடமாட்டார்கள். அந்த முகம் தெரியாத தாதிதான் காலையும் மாலையும் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று விரலால் காட்டுவாள். முதலில் எட்டும் ஆறும். அடுத்த நாள் எட்டும் ஐந்தும். அன்று நானும் சேரும் மாமாவும் சோறு தின்னவில்லை. அவளுக்குப் பெரிய முகமூடி வைத்து வேகமாக ஒட்சிசன் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எட்டும் ஒன்பதும். ஐந்தாம் நாள் தாதி ஒன்பதும் இரண்டும் காட்டிவிட்டு, மூடிய கைகளால் தட்டிக் காட்டினாள். மாமா கட்டிலில் எழும்பி நின்று அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். சத்தம் போடவேண்டாம் என்று சொல்ல வந்த டாக்டரும் சிரித்துக்கொண்டு போனார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ருசி திரும்பியது. ஒரு காலையில் ஆஸ்பத்திரிப் பருப்பில் வெள்ளைப்பூடு தெரிந்தது. அதைச் சொன்னதும் சேர் மற்ற நோயாளிகளிடமும் போய் யாருக்கு எந்த நாள் ருசி போனது, எந்த நாள் வந்தது என்று கேட்டு எழுதினார். தான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லவாம். அதோடு விட்டாரா? வாட்டில் இருந்த எல்லோருடைய வாயையும் பார்த்து முடித்தார். யாருக்கு எந்தப் பல் பிடுங்கவேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். இந்த நோய்க்கு வந்து பல்லைப் பார்த்துக்கொண்டு போனவர்கள் எங்கள் வாட்டுக்காரர்களாகத்தான் இருக்கும்.

நாங்கள் மூவரும் ராத்தாவுக்கு முன்பே வீடு திரும்பினோம். அவள் பதினேழு நாள் இருந்தாள். விடுகிற நாளன்று நான் சைக்கிளில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். மெலிந்து, வெள்ளைச் சேலை தோளில் நிற்காமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நாலு அடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

"சேர் போன்ல எல்லாம் சென்னார்" என்றாள். "வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியுமாம்."

"ஓம் ராத்தா."

"தெரிஞ்சுமா வந்தாய்? தெரிஞ்சுமா என்ட வட்டாவுல கை போட்டாய்? மறுகா பத்து நாள் வாய் தொறக்கல்ல. மாடா நீ?"

காவல்காரர் பார்த்தார், ஆட்டோக்காரர் பார்த்தார், நோயாளி பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகவில்லை. அவள் மூச்சு இரைக்காமல் ஏசுகிறாள் என்பதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"செல்லியிரிந்தா என்னடா? ஏன் செல்லல்ல?"

"ஏசுவீங்க எண்டு பயம்."

ராத்தா நின்றாள். மகளின் கையை விட்டுவிட்டுத் தானாக ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இந்தா, ஏசிட்டன். என்ன குறைஞ்சு போனாய்?"

ஒன்றும் குறையவில்லை. ஆட்டோவின் கதவைத் திறந்து பிடித்தேன். வீடு போய்ச் சேரும்வரை, பின்னால் வந்த என் சைக்கிளுக்கும் கேட்க, அவள் இன்னும் ஏசிக்கொண்டுதான் போனாள்.